வெளிக் கிரிஸ்டல் இல்லாத ஏடிமெகா328பி: சீரியல் மானிட்டரில் குப்பை எழுத்துகள் வருவது ஏன்?

ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் கிரிஸ்டலைக் கழற்றி உள் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்துக்கு மாறியதும் 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட் வேகத்தில்) குப்பை வருகிறது என்கிறீர்கள். முதலில் 1200 பாடில் கேட்டுப் பாருங்கள். சரியாக வந்தால், கடிகாரத்தை எட்டால் வகுக்கும் சிகேடிவ்8 ஃபியூஸ் (சிப்பின் நிலையான அமைப்புகளில் ஒன்று) இன்னும் இயங்குகிறது. சிப் 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. புதுச் சிப்பில் இதுதான் முதல் சந்தேகம்.

அது இல்லையென்றால் கடிகாரப் பிழை. ஆலை அளவீட்டில் ±10% வரை விலகல் உண்டு. சீரியல் தொடர்பைக் கவனிக்கும் யுஆர்ட் தாங்குவதோ ஏறத்தாழ 2%தான். 'யு' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்தை இடைவிடாமல் அனுப்புங்கள். அதன் பிட்டுகள் 0, 1 என மாறி மாறி வருவதால், தரவை அனுப்பும் டிஎக்ஸ் பின்னில் 4800 ஹெர்ட்ஸ் சதுர அலை தெரிய வேண்டும். 4650 காட்டினால் கடிகாரம் சுமார் 3% மெதுவு. கடிகார வேகத்தைத் திருத்தும் ஆஸ்கால் பதிவேட்டின் மதிப்பை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 127-லிருந்து 128-க்குத் தாண்ட வேண்டாம். அங்கே வேறு வரம்பு தொடங்குவதால் வேகம் சட்டென்று குறையும். கிடைத்த மதிப்பை ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்) வைத்து, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஏற்றுங்கள். ரீசெட் ஆனால் ஆலை மதிப்பு திரும்பிவிடும். எந்த மின்னழுத்தத்தில் ஓடப்போகிறதோ அதிலேயே அளக்கவும்.

115200 பாடை மறந்துவிடுங்கள். கடிகாரம் துல்லியமாக இருந்தாலும் 8 மெகாஹெர்ட்ஸை அந்த வேகத்துக்கு வகுப்பதிலேயே 3.5% பிசகும், அதுவும் யுஆர்ட்டின் இரட்டை வேக முறையில்.