பொறியாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, விட்டுப்போன மிருதங்கத்தை மறுபடியும் முழுமையாக எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் கேள்விக்குள், "இப்போது நேரமில்லை, ஓய்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் நாற்பதுகளில் இருக்கிறீர்கள், சிறுவயதில் சில ஆண்டுகள் முறையாகக் கற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் மேடைக் கலைஞன் அல்லன். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் (அளவீட்டுக் கருவிகள்) பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். வித்வான்கள் யாரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், பக்கவாத்தியக் கலையைப் பற்றி இவன் யார் தீர்ப்பளிக்க என்று கோபிக்க வேண்டாம். சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்த ஒருவனுக்கு எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன்.

காது மிஞ்சும். மின்மாற்றியின் ரீங்காரம் மின்னோட்ட அலைவெண்ணைப்போல் இருமடங்கு, அதாவது 50 ஹெர்ட்ஸுக்கு 100 ஹெர்ட்ஸ். அது ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜத்துக்கு (ஸ), கீழ் ஸ்தாயியில், மிக அருகில், சற்றே தூக்கலாக ஒலிக்கும். 1990களில் மின் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது தென்மண்டல அலைவெண் 49க்கும் கீழே இறங்கும். கட்டுப்பாட்டு அறைக்குப் போய் மீட்டரைப் பார்க்கும் முன்பே, மின்மாற்றிகள் நிற்கும் யார்டில் நடந்துபோகும்போதே சுருதி இறங்கியிருப்பது எனக்குக் கேட்டுவிடும். இதைச் சொன்னால் உடன் வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

கணக்கும் மிஞ்சும். ஐந்து மாத்திரைச் சொல்லை மும்முறை, ஆறு மாத்திரையை மும்முறை, ஏழு மாத்திரையை மும்முறை வைத்து, இடையில் இரண்டு இடங்களில் ஐந்து மாத்திரைக் கார்வை (இடைவெளி) விட்டால் 64 ஆகிவிடும். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு தாளச் சுற்று, 32 மாத்திரை; இரண்டு ஆவர்த்தனத்துக்குச் சரியான கோர்வை (கணக்காக வந்து முடியும் முத்தாய்ப்பு) தயார். இரவு ஷிப்டில் லாக் ஷீட்டின் பின்புறத்தில் இப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். பொறியாளருக்குக் கணக்கு வரும், எனவே மிருதங்கம் எளிது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் சொல்வதும் இதனால்தான். பாடுகிறவருக்கோ அந்த 64 தேவைப்படுவது மிருதங்கம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் சில நிமிடங்களுக்குத்தான். மற்ற நேரமெல்லாம், மெதுவாகப் போகும் இரண்டு களை கீர்த்தனையில் காலப்பிரமாணம் (வேகம்) அசையாமல் சர்வலகுவை, அதாவது சீரான தாள நடையை, பிடித்து நிற்பதும், அனுபல்லவி முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அவருடைய மூச்சறிந்து அறுதி (சிறு முடிப்பு) வைப்பதும்தான் அவருக்கு வேண்டும்.

அதற்குக் கை வேண்டும், கைதான் மிஞ்சாது. வலது பக்கச் சாப்பு அடியில் நாதம் குன்றும், இடது பக்கமான தொப்பியில் கும்கி (அழுத்தி வளைக்கும் ஒலி) வழுக்காமல் திக்கும், பரன் என்னும் வேகச் சொற்களை வாசிக்கும்போது முன்கை இறுகிக்கொள்ளும். எனக்குக் கை ஓரளவாவது தங்கியது என்றால், சேலத்தில் இருந்த என் வாத்தியாரின் பிடிவாதம்தான் காரணம். வார விடுமுறையில் பஸ் ஏறிப் போய், புதிதாகப் போட்ட கோர்வையை ஆவலோடு சொல்லிக் காட்டினால், "அதை அப்புறம் கேட்கிறேன், தத்தித்தொம்நம் வாசியும்" என்பார். முதல் பாடத்தை, முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதுபோல் வாசிக்க வைப்பார். அன்றைக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு என் கையில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் வாழும் குடியிருப்பில் எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்து வந்தவரின் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிக்க மனம் வராது. ஆகவே வலது முகமான வலந்தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தொப்பிக்கு ரவை பூசாமலே, அரைமணி நேரம் சர்வலகு மட்டும் வாசிப்பேன். அதில் நாதம் வராது என்று சொல்லும் அன்பர்கள் சொல்வது உண்மை. ஆனாலும் விரல் மறக்காமல் இருக்கும்.

நம்மைப் போன்ற தொழில்நுட்பக்காரர்களுக்கு இன்னொரு சபலம் உண்டு. வாசிப்பதைக் காட்டிலும் வாத்தியத்தை ஆராய்வது நமக்கு இனிக்கும். வலந்தலையின் நடுவிலுள்ள கருப்புப் பூச்சான கரணைதான் தோலின் மேற்சுரங்களை இசைவான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920ல் நேச்சர் இதழில் எழுதியதைப் படித்துவிட்டு, மாதக்கணக்கில் அலைவெண்களை அளந்துகொண்டிருந்தேன். வாருக்குப் பதில் போல்ட் நட்டு வைத்த மிருதங்கம் வந்தபோது, ஸ்பானரால் சுருதி சேர்ப்பதில் எனக்கிருந்த உற்சாகம் வாசிப்பதில் இல்லை. இதெல்லாம் நல்ல பொழுதுபோக்குதான்; சாதகம் (பயிற்சி) செய்த கணக்கில் மட்டும் சேராது.

இந்த இடத்தில் யாராவது, மருத்துவராகவும் பாடகராகவும் இருந்த டாக்டர் ஸ்ரீபாத பினாகபாணியைக் காட்டுவார்கள். கர்நூல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், 1983ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர் என்பதெல்லாம் சரி. ஆனால் அவர் ஓய்வுக்காகக் காத்திருந்தவர் அல்லர். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற பாடகர்களுக்கு அவர் பாடம் சொன்னது மருத்துவராக இருந்த காலத்திலேயே. உங்கள் கேள்விக்கு அவர் எதிர்ச்சாட்சி.

ஓய்வுபெற்றுச் சென்னைக்கு வந்ததும் எனக்கு நேரம் கிடைத்தது, முழங்கால் கிடைக்கவில்லை. சம்மணமிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார முடியாமல், இப்போது மணைப்பலகை உயரத்தில் ஓர் இருக்கை செய்துகொண்டு வாசிக்கிறேன். மேடை ஆசையும் இருந்தது, மறைப்பானேன். ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டுப் போனபோது, செயலாளர் முதலில் வானொலித் தரத்தேர்வில் பி கிரேடா, பி ஹை கிரேடா என்று விசாரித்தார். எதுவும் இல்லை என்றதும், மண்டபச் செலவுக்கு நன்கொடை தந்தால் மதியம் ஒரு கச்சேரி போடலாம், பாடகரையும் நீங்களே அழைத்து வாருங்கள் என்றார். பென்ஷன்காரர் என்றால் பணமும் ஏக்கமும் சேர்ந்தே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இளைஞர்களுக்குச் சேர வேண்டிய மதிய நேரங்களை, கொடுக்க வசதியுள்ள எங்களைப் போன்றவர்கள் இப்படி வாங்கிக்கொள்வதை எந்த நியாயத்தில் சேர்ப்பது? பொறாமையில் பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் பணம் கட்டவில்லை.

அதே தெருவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். மாணவர்கள் வர்ணத்தை இரண்டு காலமும் பாடிப் பழக மிருதங்கம் வேண்டியிருக்கிறது, கச்சேரி வாசிப்பவர்களை வாராவாரம் அழைக்க முடியவில்லை என்றார். வாரத்தில் சில மாலைகள் அங்கே போகிறேன். இரண்டாம் காலத்தில் ஓடிவிடும் பிள்ளைகளை சர்வலகுவால் இழுத்துப் பிடிப்பது என் வேலை. கோர்வை யாரும் கேட்பதில்லை. நவராத்திரியில் மட்டும் ஒரு சின்னத் தனி கொடுப்பார்கள்.

ஆகவே ஓய்வுக்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தால், இந்த மாதமே ஒரு வாத்தியாரைப் பிடித்து, முதல் பாடத்திலிருந்து கையைச் சரிபாருங்கள். மிருதங்கத்தின் மூட்டு (தோல் முகம்) மாற்றச் செலவு செய்வதானால், ஐந்து, ஐந்தரை கட்டைக்கான சிறிய மிருதங்கத்துக்கு முதலில் செய்யுங்கள். அக்கம்பக்கத்துப் பாட்டு வகுப்புகளில் பாடுபவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகள், அவர்களுக்கு அதுதான் ஒத்துவரும். ஒரு கட்டைக்கான தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கம் கனமானது, தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டியிருக்கும். அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.