பாட்டி மோசஸ் எப்படி வரைந்தார்? கேள்வி பதில்

கேள்வி: 78 வயதில் திடீரென்று ஓவியர் ஆனவராமே?

பதில்: திடீரென்று இல்லை. பாட்டி மோசஸ் என்று அழைக்கப்பட்ட அமெரிக்க ஓவியர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் 1860இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், பண்ணைக்காரர். 1918இல் சுவருக்கு ஒட்டும் காகிதம் போதாமல் போனபோது, கணப்பை (குளிர்காயும் அடுப்பை) மறைக்கும் பலகையில் ஒரு காட்சி வரைந்திருக்கிறார். பிறகு கம்பளி நூலால் படங்கள் தைத்தார். மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போகவே, சகோதரி சொன்னபடி தூரிகை எடுத்தார். நிறத்தை நிறத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் தையலிலேயே வந்துவிட்டது. இதைச் சொல்லாமல் வயதை மட்டும் வியப்பது அவருடைய உழைப்பை மறைத்துவிடும்.

கேள்வி: கேன்வாஸில்தான் வரைந்தாரா?

பதில்: பெரும்பாலும் மேசனைட், அதாவது மரநாரை அழுத்திச் செய்யும் ஹார்ட்போர்டு. முதலில் படச்சட்டம் கிடைக்க வேண்டும். அதன் அளவுக்குப் பலகையை அறுப்பார். ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு, அதன்மேல் பளபளப்பில்லாத வெள்ளை மூன்று பூச்சு. பலகை பழுப்பு நிறம், வண்ணத்தையும் உறிஞ்சும். வெள்ளை அடித்தளம் இல்லாவிட்டால் வானம் மங்கிப் போகும்.

நீங்கள் அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) பூசுவதாக இருந்தால் எண்ணெயைத் தொடாதீர்கள். எண்ணெய்மேல் அது பிடிக்காமல் உரியும். வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததைப் பூசுங்கள். பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் ஒரு பூச்சு அவசியம். விட்டால் பலகை வளையும், ஓரம் ஈரம் குடித்து உப்பும்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவார்?

பதில்: மேலிருந்து கீழே. வானம், மலை, மரம், வீடு, கால்நடை, கடைசியில் மனிதர்கள். பின்னால் இருப்பது முதலில் வந்துவிடுவதால் மரக்கிளைகளுக்கு இடையே வானத்தை அடைக்கும் வேலை இல்லை. ஆனால் ஈரமான வெள்ளைப் பனிமேல் கறுப்பு மேலங்கி போட்ட ஆளை வைத்தால் இரண்டும் கலந்து சாம்பலாகிவிடும். அடிப்பூச்சு காயக் காத்திருங்கள்.

கேள்வி: ஆட்களைப் பார்க்காமலே வரைவாரா?

பதில்: பத்திரிகைப் படங்களை வெட்டிச் சேர்த்து வைத்திருந்தார். வேண்டிய உருவத்தின் வெளிக்கோட்டைப் படியெடுப்பார்.

கேள்வி: வெளியுலகுக்கு எப்படித் தெரிந்தது?

பதில்: 1938இல் ஹூசிக் ஃபால்ஸ் ஊர் மருந்துக்கடை ஜன்னலில் இருந்த படங்களை லூயிஸ் கால்டோர் என்ற சேகரிப்பாளர் வாங்கினார். விலை 3 முதல் 5 டாலர். 1940இல் நியூயார்க்கில் தனிக்கண்காட்சி. 1961இல் 101 வயதில் இறக்கும்போது 1,500க்கு மேல் வரைந்திருந்தார்.

கேள்வி: அவர் படங்களில் பனி மினுங்குகிறதே?

பதில்: ஜிகினாத் தூள். வெள்ளை ஈரமாக இருக்கும்போதே தூவ வேண்டும். காய்ந்தபின் தூவினால் உதிர்ந்துவிடும்.