தடய அறிவியல் ஆய்வகத்தில் சோதனை அறிக்கையில் தனியாகக் கையெழுத்திட எப்போது தகுதி வரும்?

கேள்வி: தடய அறிவியலில் எம்.எஸ்சி. முடித்து ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ரத்தக் கறைச் சோதனைகளை சீனியருடன் சேர்ந்து செய்கிறேன். எப்போது தனியாகச் செய்யலாம்? பயிற்சியை எப்படிப் பதிவு செய்வது? பிறகும் ஆண்டுதோறும் பயிற்சிக்குப் போக வேண்டுமா?

பதில்: மாதக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஆய்வகத் தரநிலையான ஐஎஸ்ஓ 17025:2017-இன் 6.2 பிரிவு, எந்த வேலைக்கு யார் தகுதி பெற்றார், எப்படிப் பெற்றார், அவருக்கு அங்கீகாரம் கொடுத்த பதிவு எங்கே என்றுதான் கேட்கிறது. அங்கீகாரத்தைச் சோதனை வாரியாக எழுத்தில் வாங்குங்கள். ரத்தக் கறைச் சோதனையில் தேறியவர் விந்துக் கறைச் சோதனைக்கு மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

கறை ரத்தமாக இருக்கலாமா என்று முதலில் பார்க்க நீங்கள் தினமும் செய்யும் பினால்ஃப்தலீன் சோதனையையே எடுத்துக்கொள்வோம். மடித்த வடிதாளின் முனையால் கறையை லேசாகத் தேய்த்து எடுக்கிறீர்கள். கறையின் மேலேயே வினைப்பொருளை விட்டால் டிஎன்ஏவுக்கு வைக்க வேண்டிய பகுதி வீணாகும். வடிதாளில் ஒரு சொட்டு எத்தனால், ஒரு சொட்டு வினைப்பொருள் விட்டுச் சில விநாடி பொறுங்கள். நிறம் வராவிட்டால் மட்டும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. ரத்தம் இருந்தால் சட்டென்று இளஞ்சிவப்பு ஏறும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அந்தச் சில விநாடியில்தான். பொறுக்காமல் இரண்டையும் ஒன்றாக விட்டுவிட்டால், நிறம் பெராக்சைடுக்கு முன்பே வந்ததா பிறகு வந்ததா என்று தெரியாது. முன்பே வந்திருந்தால் அது வேறு ஏதோ ஆக்சிஜனேற்றிப் பொருள். பாசிட்டிவ் என்று எழுதக்கூடாது. அரை நிமிடம் கழித்து மெல்லச் சிவப்பதும் கணக்கில் வராது. காற்றே அந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்கான தேர்வு மாதிரிகளை சீனியர் தயாரித்து, எண் மட்டும் ஒட்டித் தரட்டும். ஆட்டு ரத்தம் போதும். இந்தச் சோதனை மனித ரத்தத்தையும் ஆட்டு ரத்தத்தையும் பிரித்துக் காட்டாது. அதைக் கூண்டில் நின்று தெளிவாகச் சொல்லத் தெரிவதும் பயிற்சியில் சேர்ந்ததுதான். நீர்க்காத ரத்தம், பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று என்று நீர்த்தவை, வேட்டித் துணியிலும் காக்கியிலும் மரத்துண்டிலும் இருக்கட்டும். கூடவே ரத்தம் இல்லாதவையும் வேண்டும்: துரு, முள்ளங்கிச் சாறு, வெற்றிலை எச்சில், குங்குமம், ஒன்றுமே படாத துணி. முப்பது மாதிரியாவது செய்யாமல் அங்கீகாரம் கேட்காதீர்கள் என்பது எங்கள் கருத்து.

உங்கள் பயிற்சிக் கோப்பில் நீங்கள் தவறவிட்டவையும் இருக்க வேண்டும். எந்த மாதிரி, நீங்கள் எழுதிய முடிவு, சரியான முடிவு, தவறியதற்குக் காரணம், மறுபடி செய்த தேதி, மேற்பார்வையாளர் கையெழுத்து. எல்லாமே சரி என்று காட்டும் கோப்பைக் குறுக்கு விசாரணையில் யாரும் நம்பமாட்டார்கள்.

வழக்குச் சுருக்கத்தைப் படிக்கும் முன்பே கறை பற்றிய உங்கள் குறிப்பை எழுதி முடிக்கும் பழக்கத்தை இப்போதே கொண்டுவாருங்கள். 2006-இல் உளவியல் ஆய்வாளர் இட்டியல் டிரோரின் குழு ஐந்து கைரேகை நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன ரேகைகளை வேறு கதையோடு கொடுத்தது. நால்வர் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். கேட்ட கதை முடிவை மாற்றிவிடுவதிலிருந்து அனுபவம் மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை.

ஆண்டுதோறும் பயிற்சி வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் வகுப்பில் உட்கார்ந்ததற்கான சான்றிதழை மட்டும் சேர்ப்பதில் பயனில்லை. தேர்வு வைக்கும் வகுப்பைத் தேடுங்கள். காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகம் பணியில் இருப்பவர்களுக்கும் பயிற்சி தருகிறது. திரும்பி வந்ததும் கற்றதை உங்கள் கருவியில், உங்கள் கிட்டில் செய்து பார்த்துப் பதிவு செய்யுங்கள். கிட் மாறினாலோ, செயல்முறைக் கையேடு திருத்தப்பட்டாலோ, நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பினாலோ மறுதேர்வு எழுதிவிட்டு வழக்குப் பொருளைத் தொடுங்கள். சட்டம் மாறும்போதும் அப்படித்தான். 2025 ஜூலையில் தேனி சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில், டிஎன்ஏ மாதிரிகள் எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. பொருள் வாங்கும் மேசையில் இருப்பவருக்கு அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஆய்வகத்தின் திறனைச் சோதிக்க வெளியிலிருந்து வரும் திறனறி மாதிரிகளை மூன்று பேர் கூடிப் பேசி முடிவெழுதும் வழக்கம் இருந்தால் அதில் சேராதீர்கள். சாதாரண வழக்குப் பொருள் போலவே தனியாகச் செய்யுங்கள். தவறினால் அந்தச் சோதனையை நிறுத்தி, காரணம் கண்டு, அண்மையில் முடித்த கோப்புகளைத் திரும்பப் பார்த்து, மறுதேர்வுக்குப் பிறகே தொடர வேண்டும்.

கடைசியாக, அறிக்கையில் கையெழுத்து. பாரதிய சாட்சிய சட்டத்தின் 39-ஆம் பிரிவு நிபுணருக்கு இன்ன பட்டம் வேண்டும் என்று சொல்லவில்லை. சிறப்புத் தேர்ச்சியைத்தான் கேட்கிறது. நீங்கள் காட்ட வேண்டியது அந்தக் கோப்பைத்தான். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு, நிபுணரை அழைக்காமலேயே அறிக்கையைச் சான்றாக ஏற்கும் பதவிகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஆய்வக இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் பதவிகள் உண்டு. பட்டியலில் இல்லாத பதவியில் இருப்பவர்களுக்கு அரசு அறிவிக்கை வேண்டும். உங்கள் பதவிக்கு அறிவிக்கை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டு, அதன் நகலைக் கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.