பற்று, வரவு, மூன்று மொழிகள்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஏற்றுமதியாளர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய கம்பெனி நடத்துகிறேன். என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இத்தாலியில் பொல்சானோ என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில், கணினி அறிவியலும் வணிகமும் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர விரும்புகிறாள். கோவையில் இரண்டு வருடமாக ஜெர்மன் படிக்கிறாள். அங்கே பாடங்கள் ஆங்கிலம், ஜெர்மன், இத்தாலிய மொழி என மூன்றிலும் நடக்குமாம். "கம்ப்யூட்டரில் பாதி, காமர்ஸில் பாதி, இதில் மூன்றில் ஒரு பங்கு மொழிக்கே போய்விடும், கடைசியில் எதுவும் முழுசாக வராது" என்கிறார் என் மைத்துனர். நீங்கள் அந்தப் பக்கம் வாழ்ந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மைத்துனரின் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். பாதியும் பாதியும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஒன்றைத் தாண்டிவிடுகிறது. அவர் கவலைப்படவேண்டியது அந்த மிச்சத்தைப் பற்றித்தான். படிப்பு குறைந்துபோகாது, சுமைதான் கூடும்.

நான் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எல்லையிலுள்ள பிரென்னர் கணவாயைக் கடந்து ரயிலில் தெற்கே இரண்டு மணி நேரம் போனால் பொல்சானோ. ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு அதே ஊர் போட்சன். நிலையத்தின் பெயர்ப்பலகையிலிருந்து தெருப்பெயர் வரை எல்லாம் இரட்டையாகத்தான் இருக்கும். நகருக்குள் நான்கில் மூன்று பேர் இத்தாலிய மொழிக்காரர்கள். பஸ் ஏறிப் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்குப் போய்விட்டால் ஜெர்மன்தான். முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்த நிலம் அது. முசோலினி காலத்தில் ஜெர்மன் பள்ளிகள் மூடப்பட்டன. வீடுகளிலும் களஞ்சியங்களிலும் பிள்ளைகளுக்கு ரகசியமாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நிலவறைப் பள்ளிகள் என்று அவற்றுக்குப் பெயர். 1972இல் கிடைத்த விரிவான தன்னாட்சிக்குப் பிறகுதான் அந்தப் புண் ஆறத் தொடங்கியது. 1997இல் அங்கே பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதை ஒரே மொழியில் நடத்தியிருக்க முடியாது. மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஊர்க்காரர்கள் நாம். இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

வணிகத்தையும் மொழியையும் அந்த ஊர் சேர்த்துக் கட்டியது இன்று நேற்றல்ல. வடக்கிலிருந்து ஜெர்மன் வியாபாரிகளும் தெற்கிலிருந்து இத்தாலிய வியாபாரிகளும் கூடும் பெரிய சந்தைகள் அங்கே நடந்தன. சரக்கில் தகராறு, கணக்கில் தகராறு, எந்த மொழியில் வழக்காடுவது என்பதிலும் தகராறு. 1635இல் பொல்சானோவும் அடங்கிய திரோல் நாட்டை ஆண்ட கிளாவ்டியா தே மெதிச்சி வணிகர்களுக்கென்றே ஒரு நீதிமன்றத்துக்கு அனுமதி கொடுத்தார். அதில் இரு மொழிக்காரர்களுக்கும் சம இடம். கீழ் மன்றத்தின் தலைமை ஜெர்மன்காரரிடம் இருந்தால் மேல்முறையீட்டுத் தலைமை இத்தாலியரிடம் போகும். மொழிபெயர்ப்பாளரை நடுவில் உட்காரவைத்துச் சமாளித்துவிடலாம் என்று அந்த அம்மையார் நினைக்கவில்லை. எனக்கு அவர்மேல் மிகுந்த மரியாதை உண்டு.

இனி உங்கள் மகளின் படிப்பு. நீங்களே கணக்கு எழுதுகிறவர். பற்று, வரவு என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியக் கணக்கேட்டில் இவை 'தாரே', 'அவேரே': கொடுத்தல், பெறுதல். ஜெர்மனில் 'சோல்', 'ஹாபென்': வேண்டும், உடைமை. முதலில் பார்த்தபோது ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை என்று நினைத்தேன். பழைய பிளாரன்ஸ் ஏடுகளில் 'இவர் கொடுக்க வேண்டும்' என்றே முழுதாக எழுதினார்கள். இத்தாலியர்கள் காலப்போக்கில் 'கொடுக்க' என்பதை வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன்காரர்கள் 'வேண்டும்' என்பதை வைத்துக்கொண்டார்கள். ஒரே வாக்கியத்தை இரண்டாக முறித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டதுபோல. இதை ஒரு மாணவி முதல் பருவத்திலேயே இரண்டு மொழியிலும் படித்தால், பற்று என்பது பக்கத்தின் இடது புறம் என்று மனப்பாடம் செய்யமாட்டாள். அது ஒருவரோடு ஒருவருக்குள்ள கடப்பாடு என்று பிடித்துக்கொள்வாள். கணினி நிரல் எழுத உட்காரும்போது அந்தப் பிடிதான் உதவும்.

'நிரலுக்கு ஆங்கிலம் போதாதா?' என்று மைத்துனர் கேட்பார். வணிகக் கணக்கு மென்பொருள் செய்யும் சாப் (SAP) என்ற ஜெர்மன் நிறுவனத்தை 1972இல் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பொறியாளர்கள் தொடங்கினார்கள். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அந்த மென்பொருளில் வேலை செய்பவர்கள் நாளெல்லாம் 'குன்னர்', 'லிஃப்னர்' என்று பேசிக்கொண்டிருப்பார்கள். முன்னது வாடிக்கையாளர் எண், பின்னது சரக்கு தருபவர் எண். இரண்டும் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். பலருக்கு அது மந்திரம் மாதிரி, பொருள் தெரியாமலே பலிக்கிறது. இத்தாலியிலோ 2019 ஜனவரி 1 முதல் தனியார் நிறுவனங்கள் தங்களுக்குள் கொடுக்கும் பில்கூட, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு குறிச்சொல் இட்ட எக்ஸ்எம்எல் கோப்பாக அரசின் கணினி வழியாகத்தான் போகவேண்டும். அந்தக் கோப்பின் குறிச்சொற்கள் முழுக்க இத்தாலிய மொழி, அதுவும் சட்டப் புத்தகத்து இத்தாலிய மொழி. விற்பவர், வாங்குபவர் என்ற எளிய சொற்களைக்கூட அங்கே எதிர்பார்க்க முடியாது.

நான் பட்ட அடியையும் சொல்கிறேன். இன்ஸ்புருக்கில் நான் இருந்த நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர் கோப்பில் 12,500 கிலோ என்று இருந்தது. நான் நம்மூர் வழக்கப்படி பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு என்று படிக்கும்படி நிரலை எழுதிவைத்தேன். அவர்களுக்குக் காற்புள்ளி என்றால் தசமப்புள்ளி. வேண்டியது பன்னிரண்டரை கிலோ. கிடங்குக்காரர் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் நிரலில் பிழையே இல்லை, அதுதான் வேதனை.

ஆகவே படிப்பு நல்ல படிப்பு. ஆனால் உங்கள் மகள் தெரிந்துகொண்டு போகவேண்டியவை சில. எந்தப் பாடம் எந்த மொழியில் என்று அவள் தேர்ந்தெடுக்க முடியாது. ஜெர்மனில் நடக்கும் பாடத்துக்குத் தேர்வும் ஜெர்மனில்தான். சேரும்போதே மொழித் தேர்ச்சியைச் சான்றிதழோடு காட்டவேண்டும். மூன்றாவது மொழியைப் படித்துக்கொண்டே எட்டிப்பிடிக்கவேண்டும், அது இல்லாமல் பட்டம் கைக்கு வராது. எந்த நிலை வரை கேட்கிறார்கள் என்பதை இந்த ஆண்டு அறிவிப்பில் அவளே பார்க்கட்டும், முகவர்களிடம் கேட்கவேண்டாம். இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் வாய்மொழித் தேர்வு சாதாரணம். முப்பதுக்கு மதிப்பெண், பதினெட்டு வாங்கினால் தேர்ச்சி. பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து வாய் திறந்து பேசவேண்டும். நம் பிள்ளைகள் எழுத்தில் புலிகள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பூனையாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, கோவையில் கற்ற ஜெர்மனை எடுத்துக்கொண்டு அந்த மலைக் கிராமத்துக் கடைக்குப் போனால் முதல் மாதம் ஒன்றும் புரியாது. அவர்கள் பேசுவது திரோல் வட்டார வழக்கு. அதைக் கேட்டு அவள் தன்னைக் குறைவாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பெர்லின்காரர்களும் அங்கே திணறுவார்கள்.

கணினி அறிவியலின் ஆழத்தில், கோட்பாட்டில் மனம் லயிக்கிற பெண் என்றால் இது அவளுக்கான இடமில்லை. அதில் மைத்துனர் சொல்வது சரி. இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விண்ணப்பத்துக்கு முன் ஒரு மாதம் உங்கள் கம்பெனிக்கு வரச்சொல்லுங்கள். நூல் கொடுத்துத் துணியாக வாங்கும்போது எடை குறைகிறதே, அந்தக் கணக்கைத் தேதிவாரியாகப் பதிய ஒரு சின்ன நிரல் எழுதச் சொல்லுங்கள். அவள் நேரே கணினியில் உட்கார்ந்துவிட்டால் ஒரு விடை. நிட்டிங் மேஸ்திரியிடம் போய் 'அண்ணா, நீங்கள் எதைக் கழிவு என்று சொல்கிறீர்கள், சாயப்பட்டறையில் எதைக் கழிவு என்கிறார்கள்?' என்று கேட்டுக்கொண்டு நின்றால் இன்னொரு விடை.

இரண்டாவது விடை வந்தால் இத்தாலிய மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள், விசா வரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு வாரம் போதும். பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிற மொழி அது. வினைச்சொற்கள்தான் படுத்தும்.