நான்கு மாற்றங்களும் ஒரு சந்தேகமும்

மதிப்புக்குரிய ஐயா,

2011 உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவிடம் தோற்றதைப் பற்றி நண்பர்களுக்குள் மறுபடியும் வாக்குவாதம். அரையிறுதியில் வென்ற நம் அணியில் நான்கு பேரை மாற்றிவிட்டு இறுதியாட்டத்தில் இறங்கியது ஏன்? அன்றைய விளையாட்டுத்துறை அமைச்சரே ஆட்டம் விற்கப்பட்டதாகச் சொன்ன பிறகும், அதை வெறும் தோல்வியாக நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ஒரு வாசகர், திருகோணமலை

அன்புள்ள நண்பருக்கு,

தெரிவு தவறா, ஆட்டம் விற்கப்பட்டதா என்று இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதில் பாதியளவுக்கு நான் உங்கள் பக்கம்.

நான்கு மாற்றங்களில் ஒன்று கட்டாயத்தால் வந்தது. அஞ்சலோ மெத்யூஸ் தொடைத் தசைக் காயத்தால் விலகியதும், துடுப்பாட்டத்துக்கும் பந்துவீச்சுக்கும் இடையே பாலமாக இருந்த ஒருவரை அணி இழந்தது. அந்த இடைவெளியை ஒரே ஆளால் நிரப்ப முடியாததால் மற்ற இடங்களும் அசைந்தன. குலசேகர, திசர பெரேரா, கப்புகெதர, கொழும்பிலிருந்து அவசரமாக அழைக்கப்பட்ட ரந்திவ் ஆகியோர் உள்ளே வந்தார்கள். மெண்டிஸ், ஹேரத், சாமர சில்வா வெளியே போனார்கள். அரையிறுதியில் மூன்று விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளர் மெண்டிஸை நீக்கியது எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. ஆயினும் 2008இல் கராச்சியில் 13 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை அவரிடம் பறிகொடுத்த இந்தியர்கள், அதன்பின் அவருடைய விரல்களைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கப்புகெதரவைச் சேர்த்ததற்கு மட்டும் இன்றுவரை எனக்கு நியாயம் தென்படவில்லை. அவர் எடுத்தது 1 ஓட்டம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தோற்பதற்காகவே கொண்டுவரப்பட்டதாகச் சந்தேகிக்கப்படும் நால்வரில் குலசேகர 32 ஓட்டங்களும், பெரேரா ஒன்பதே பந்துகளில் 22 ஓட்டங்களும் எடுத்தார்கள். மஹேலவின் ஆட்டமிழக்காத 103க்குத் துணையாக நின்று மொத்தத்தை 274க்கு உயர்த்தியவர்கள் அவர்கள். இந்தியாவின் கம்பீர் 30இல் இருந்தபோது குலசேகர பிடியைத் தவறவிட்டாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், கம்பீர் 97 வரை போனார். ஆனால் கை நழுவிய பிடிகளையெல்லாம் கைமாறிய பணத்துக்குச் சாட்சியாக்கினால், குற்றஞ்சாட்டப்படாத ஆட்டம் ஒன்றும் மிஞ்சாது.

மெய்ப்பிக்கப்பட்ட சம்பவங்கள் வேறு விதமானவை. 2000ஆம் ஆண்டில் தென்னாபிரிக்க அணித் தலைவர் ஹன்சி குரோனியே பணத்தைக் காட்டிச் சக வீரர் கிப்ஸிடம் கேட்டது, 20 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழக்க வேண்டும் என்பதை. ஒப்புக்கொண்ட கிப்ஸோ 74 அடித்துவிட்டார். 2010இல் லோர்ட்ஸில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர்களிடம் விலைபோனது, முன்கூட்டியே சொல்லிவைத்த சில முறையற்ற பந்துகள் (நோ-போல்) மட்டுமே. சூதாட்டத் தரகருக்கு வேண்டியது, யாருடைய கண்ணிலும் படாமல் ஓரிருவர் செய்து முடிக்கக்கூடிய சிறு காரியம். பலர் கூடிப் பேசி முடிவெடுக்கிற, மறுநாள் நாடு முழுவதும் அலசுகிற பதினொரு பெயர்களின் பட்டியலில் அவர் ஏன் பணத்தைக் கொட்டப் போகிறார்?

நீங்கள் சொல்லும் அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகே 2011இலேயே விளையாட்டுத்துறைக்குப் பொறுப்பாக இருந்தவர். விசாரணைக்கு உத்தரவிடும் இடத்தில் அன்று இருந்தவர், ஒன்பது ஆண்டுகள் கழித்து 2020 ஜூனில்தான் வாய் திறந்தார். பிறகு தனக்கிருப்பது வெறும் சந்தேகம் என்றார். தெரிவுக்குழுத் தலைவராயிருந்த அரவிந்த டி சில்வாவையும், இறுதியாட்டத்தில் ஆடிய உபுல் தரங்கவையும், அணித் தலைவராயிருந்த சங்கக்காரவையும் பொலிஸார் மணிக்கணக்கில் விசாரித்தார்கள். அணி மாற்றங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் ஏற்கத்தக்கவை, சான்று எதுவும் இல்லை என்று ஜூலை 3இல் விசாரணையை முடித்தார்கள். விளையாட்டுக் குற்றங்களுக்குப் பத்து ஆண்டுவரை சிறை விதிக்கும் சட்டம் 2019இல் வந்துவிட்டதால், கையில் சான்று உள்ளவர் இன்றும் பொலிஸ் நிலையம் போகலாம்.

அன்று எதிரணியிலும் விசித்திரமான ஒரு தெரிவு நடந்தது. தொடர் முழுவதும் ஓட்டம் குவித்துவந்த யுவராஜைக் காத்திருக்கவைத்துவிட்டு, அதுவரை தொடரில் ஒரு அரைச்சதமும் அடித்திராத இந்திய அணித் தலைவர் தோனி தானே அவருக்கு முன்னால் துடுப்பெடுத்தாட வந்தார். ஐ.பி.எல். சென்னை அணியின் வலைப் பயிற்சியில் நம் சுழற்பந்து வீச்சாளர் முரளியைப் பலமுறை எதிர்கொண்ட பழக்கமே அதற்குக் காரணம் என்று பின்னர் விளக்கினார். அவர் 91 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றதால் அது துணிச்சல் எனப்பட்டது. பத்து ஓட்டங்களில் அவர் ஆட்டமிழந்து இந்தியா தோற்றிருந்தால், இதே கடிதம் மும்பையிலிருந்து வேறு ஒருவருக்குப் போயிருக்கும்.

அன்புடன்.