உலகப்போர் கால உளவுக் கேமராக்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், மினாக்ஸ் ஒற்றர்களுக்காகவே செய்யப்பட்ட கேமராவா?

பதில்: இல்லை. யார் சட்டைப்பையிலும் அடங்க வேண்டும் என்றுதான் வால்டர் சாப் அதை வடிவமைத்தார். 1938 முதல் லாட்வியாவின் ரீகாவில் வி.இ.எஃப். ஆலையில் தயாரானது. நீளம் 8 செ.மீ., படம் 8×11 மி.மீ., ஒரு சுருளுக்கு 50 படம். உடலை இழுத்து மூடினால் ஃபிலிம் நகர்ந்து அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். 20 செ.மீ. நெருக்கத்திலும் ஃபோகஸ் ஆகும். உளவாளிக்கு அதன் சிறிய உருவத்தைவிட இதுதான் பெரிய வரம்.

கேள்வி: அத்தனை சிறிய ஃபிலிமில் ஒரு முழுத் தாளின் எழுத்து படிக்கும்படி விழுமா?

பதில்: விழும், ஆனால் கணக்குத் தெரிந்து எடுக்க வேண்டும். லென்ஸ் 15 மி.மீ. குவியத் தூரம் கொண்டது. 20 செ.மீ. உயரத்தில் பிடித்தால் சுமார் 10×14 செ.மீ. பரப்புதான் அடங்கும். ஏ4 தாள் முழுதாக வர ஏறக்குறைய 42 செ.மீ. வேண்டும். அப்போது தாள் 27 மடங்கு சுருங்கும். 2 மி.மீ. உயரத் தட்டச்சு எழுத்து ஃபிலிமில் 0.07 மி.மீ.தான். குறைந்த வெளிச்சத்திலும் பதியும் வேகமான ஃபிலிம் போட்டால் அதன் குருணையே, அதாவது படத்தில் தெரியும் நுண்புள்ளிகளே, எழுத்தை விழுங்கிவிடும். மெதுவான ஃபிலிம் போட்டால் வெளிச்சம் நிறைய வேண்டும்.

கேள்வி: பெரும்பாலும் எதில் கெடும்?

பதில்: தூரத்தில். லென்ஸில் ஒளி நுழையும் துவாரம் எஃப்/3.5 என்ற அளவிலேயே நிலையானது, அதைச் சுருக்கித் தெளிவான தூர வரம்பைக் கூட்ட வழியில்லை. 20 செ.மீ.-இல் ஒரு செ.மீ. பிசகினாலே எழுத்து மங்கும். அதற்குத்தான் மினாக்ஸ் சங்கிலியில் அளவு மணிகள். உரிய மணியைத் தாளில் தொட்டு, சங்கிலியை விறைப்பாகப் பிடித்து, கேமராவை நிறுத்தி, சங்கிலியை விலக்கிவிட்டு அழுத்த வேண்டும். அடுத்த எதிரி விளக்கு. நேர் மேலிருந்து அடித்தால் வழவழப்பான தாள் பளபளத்து நடுவில் வெள்ளைத் திட்டு விழும். இரு பக்கமும் 45 பாகையில் இரண்டு விளக்கு வைத்தால் சரியாகும். மடிப்பு விழுந்த தாளை முதலில் நீவிச் சமப்படுத்திவிட வேண்டும்.

கேள்வி: துருக்கியின் அங்காராவில் பிரிட்டிஷ் தூதரின் பணியாளாக இருந்த, ‘சிசரோ’ என்ற மறைபெயர் கொண்ட உளவாளியும் மினாக்ஸா வைத்திருந்தார்?

பதில்: இல்லை, 35 மி.மீ. ஃபிலிம் போடும் லைக்கா கேமரா. 1943-44-இல் சிசரோ, அதாவது எலியேசா பாஸ்னா, தூதரின் ஆவணங்களை அதில்தான் எடுத்து ஜெர்மானியருக்கு விற்றார். லைக்காவின் 24×36 மி.மீ. படம் மினாக்ஸைவிடப் பரப்பில் கிட்டத்தட்ட 10 மடங்கு. மறைத்து வைக்க அறையும் கொஞ்ச நேரமும் கிடைத்தால் பெரிய ஃபிலிமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: தீப்பெட்டி போலவே இருக்கும் தீப்பெட்டிக் கேமரா உண்மையா?

பதில்: உண்மை. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்.ஸுக்காகக் கோடாக் 1,000 செய்து கொடுத்தது. 16 மி.மீ. ஃபிலிம். உளவாளி எந்த நாட்டுக்குப் போகிறாரோ அந்த ஊர்த் தீப்பெட்டி லேபிளை ஒட்டிக்கொள்ளலாம். ஃபோகஸ் நிலையானது என்பதால் ஆவணம் எடுக்கத் தனித் தாங்கி தேவைப்பட்டது.

கேள்வி: புறாவின் மார்பில் கட்டிப் பறக்கவிடும் புறாக் கேமரா போரில் பயன்பட்டதா?

பதில்: முதல் உலகப்போரில் ஜெர்மானியர் சோதித்தார்கள். ஜெர்மனியின் க்ரோன்பெர்க் ஊர் மருந்தாளர் யூலியுஸ் நாய்ப்ரோன்னர் 1907-இல் காப்புரிமை கேட்டபோது, நடக்காத காரியம் என்று மறுத்தார்கள். புறா எடுத்த படங்களையே சான்றாகக் காட்டி 1908-இல் வாங்கினார். அதிகபட்சச் சுமை 75 கிராம். கேமராவுக்குள் அடைத்த காற்று மெல்லக் கசிய, தண்டு நகர்ந்து ஷட்டரைத் தட்டும். புறா எந்த வழியாகப் பறக்கும் என்பதோ, அந்த நொடியில் எதன் மேல் இருக்கும் என்பதோ யார் கையிலும் இல்லை. அது கூட்டுக்குத்தான் திரும்பும், ஆகவே போர்முனையோடு நகரும் கூண்டுக்கும் பழக்க வேண்டியிருந்தது. அதற்குள் விமானங்களே அந்த வேலையை எடுத்துக்கொண்டன.