நனைந்த போன்: முதலில் சார்ஜரைத் தள்ளி வையுங்கள்

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று தண்ணீர் பீய்ச்சியதில் போன் நனைந்தது, இரண்டு நாள் அரிசிக்குள் வைத்தும் உயிர் வரவில்லை, மறைந்த அப்பாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது. தயவுசெய்து இனி ஒருமுறைகூட சார்ஜரில் போட்டுப் பார்க்காதீர்கள்.

போனைக் கெடுப்பது ஈரம் மட்டுமல்ல. ஈரத்தோடு சேரும் மின்சாரம். அது போனுக்குள் மின்சாரம் ஓடும் செம்புத் தடங்களை அரித்துவிடும். அரிசி உள்ளே தேங்கிய ஈரத்தை இழுக்காது. அதன் தூசிதான் துளைகளில் அடையும். மேலூரில் என் தங்கையின் போன் கிணற்றடித் தொட்டியில் விழுந்தது. மூன்றாம் நாள் கடையில் திறந்தபோது, சார்ஜர் செருகும் வாயைச் சுற்றி, புளி போட்டுத் துலக்காத பித்தளைக் குடம்போலப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சட்டென்று ஆவியாகிவிடும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்துக் கழுவி, வேறு பேட்டரி இணைத்த பிறகே திரை ஒளிர்ந்தது.

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் போர்டு வேலை, அதாவது போனுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பழுதுபார்க்கும் வேலை, தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். "போன் போனாலும் பரவாயில்லை, படங்கள் வேண்டும். ரீசெட் செய்யாதீர்கள், போர்டை மாற்றாதீர்கள்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இன்றைய போன்களில் தகவல்கள் பூட்டப்பட்டு, அந்தப் போர்டின் பிராசசரோடு பிணைந்திருக்கின்றன. படங்கள் சேமிக்கப்பட்ட சிப்பை மட்டும் பெயர்த்தெடுத்துப் படங்களைப் பார்க்க முடியாது. அதே போர்டு சிறிது நேரமாவது உயிர்பெற வேண்டும். திரைப்பூட்டின் எண்ணும் வேண்டும்.

இன்றைக்கே வேறு போனில் உங்கள் கணக்கைத் திறந்து கூகுள் போட்டோஸைப் பாருங்கள். அப்பாவின் படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, அவர்களிடமும் கேளுங்கள்.